பார்க்காமல் சொன்ன ஊர்கள்

நவம்பர் 8, வெள்ளி

கெய்ரோ வந்து சேர்ந்தாயிற்று. சுற்றுலாக் கம்பெனி கொடுத்த பையில் ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், இந்த டைரி. தொப்பியை இவர் விமானத்திலேயே போட்டுக்கொண்டார். டைரியை என் பக்கம் தள்ளிவிட்டார். "நான் பாக்கற வேலையப் பாத்துக்கறேன், நீ எழுதற வேலையப் பாரு மரகதம்" என்றார்.

என்ன எழுதுவது? சென்னையில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பெரிய கல்லை எப்படி இழுத்தார்கள், மணலை நனைத்துவிட்டால் சறுக்குக் கட்டை எப்படி வழுக்கும், சரிவு எப்படிப் போட்டிருப்பார்கள். நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கரூருக்கும் அரவக்குறிச்சிக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பாலங்களில் பாதி இவர் வெயிலில் நின்று கட்டியவை. மனசு மட்டும் எப்போதும் எகிப்திலும் கிரேக்கத்திலும் இருக்கும். எங்கள் பீரோக் கதவின் உள்பக்கம் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள்தான். பிரமிடு, பெட்ரா, பார்த்தினன். நான் இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் கால் போட்டுக்கொடுத்த வேலை என்னுடையது. இணைப்பு கிடைத்ததும் காதை எடுத்துக்கொண்டு பழகிவிட்டது.

வினோதினிக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பெங்களூரில் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் மகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் இழுத்தேன். அவள்தான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள். மாமியார் கூட இருக்கிறார், மாப்பிள்ளை முரளி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், அப்பா இதற்காக எத்தனை காலமாகக் காத்திருக்கிறார் என்றாள்.

சாயங்காலம் ஓட்டல் மொட்டை மாடியிலிருந்து பிரமிடு தெரிந்தது. புகைமூட்டத்துக்குள் முக்கோணமாக ஒரு நிழல். இவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

காலையில் எட்டு மணிக்கு பஸ்.

நவம்பர் 9, சனி

ஆஸ்பத்திரி. எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலைச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். நடுவில் வார்த்தை குழைந்தது. வாயில் ரொட்டி இருக்கிறது என்று நினைத்து நான் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கத்தி கீழே விழுந்தது. அப்புறம் அவரே வலப்பக்கமாகச் சரிந்தார்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால் அசைவில்லை. பேச்சு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். மதியம் கொஞ்ச நேரமும் மாலையில் கொஞ்ச நேரமும் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி.

எங்கள் குழுவைக் கூட்டிவந்த தினகர் நல்ல பையன். காப்பீட்டுக்காரர்களோடு பேசினான், ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே எனக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்தான். ஆனால் முப்பது பேரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பான்? பயணத்தைத் தொடர்ந்துதான் ஆக வேண்டும். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. துக்க வீட்டில் செய்கிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையிடம் எல்லாம் சொன்னேன். கிளம்பி வருகிறேன் என்றார். அவளை விட்டுவிட்டு வரக் கூடாது என்று தடுத்தேன். "அத்தை, வினோவுக்கு இப்ப தெரிய வேண்டாம்" என்றார். நேற்றும் அழுத்தம் ஏறியிருந்ததாம். அதிர்ச்சி எதுவும் கூடாது, குழந்தை இன்னும் சில வாரமாவது உள்ளே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டேன். இன்னும் ரெண்டு நாளில் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குள் எதற்கு அவளைப் பயமுறுத்துவது.

நவம்பர் 11, திங்கள்

காலையில் வினோதினி கூப்பிட்டுவிட்டாள். நடைபாதையிலிருந்து எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசினேன். பிரமிடு பார்த்தாயா என்றாள். பார்த்தேன் என்றேன். உள்ளே போனீர்களா என்றாள். போனோம் என்றேன்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். அது தானாக வந்தது. குனிந்துதான் ஏற வேண்டும், நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஏறி ஏறிப் போனால் மேலே ஒரு பெரிய அறை, சுவரில் ஒரு சித்திரம் கிடையாது, ஓர் எழுத்துக் கிடையாது, மூலையில் ராஜாவின் உடலுக்கென்று மூடியில்லாத ஒரு கல்தொட்டி, அதற்குள்ளும் ஒன்றும் கிடையாது. இத்தனை கல்லை ஏற்றியது அந்த வெறும் தொட்டிக்காகத்தானாம். அவள் 'உம்' கொட்டிக் கேட்டாள். அப்பா எங்கே என்றாள். யாரையோ பிடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன். சிரித்தாள்.

போனை வைத்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இதையெல்லாம் இவர் விமானத்தில் சொன்னபோது நான் தூங்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

துணி துவைத்தேன். இங்கே பக்கெட் என்ற பொருளே இல்லை. குளிக்கும் தொட்டியை அடைத்து அதிலேயே அலசி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். அவருடைய சட்டையையும் துவைத்தேன், விழுந்த அன்று போட்டிருந்தது. கொண்டுவந்த புளிக்காய்ச்சல் இன்னும் நிறைய இருக்கிறது. சோறுதான் கிடைக்கவில்லை.

நடைபாதையில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஓர் அம்மாள். கறுப்பு அங்கி, என் வயதுதான் இருக்கும். அவர் கணவரும் உள்ளே இருக்கிறார். தன் நெஞ்சில் கை வைத்து 'உம் ஹானி' என்றார். ஹானி என்பது மகன் பெயர், ஹானியின் அம்மா என்று அர்த்தம் என்று நர்ஸ் விளக்கினாள். நானும் நெஞ்சில் கை வைத்து 'உம் வினோதினி' என்றேன். அந்த அம்மாளுக்கு அது வாயில் நுழையவில்லை. 'வினோ' என்று வைத்துக்கொண்டார்.

என் தாலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐ.சி.யூ. கதவைக் காட்டினார். ஆமாம், அவர் கட்டியதுதான் என்று தலையாட்டினேன். மடியிலிருந்து ரொட்டியைப் பிய்த்து, அவித்து மசித்த மொச்சை போல ஒன்றை வைத்துக் கொடுத்தார். புளிக்காய்ச்சலை அதன்மேல் தடவிப் பார்த்தோம். உம் ஹானிக்குப் பிடித்துவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பேசவும் செய்தார்.

"போலாம்" என்றார்.

எங்கே போகலாம் என்று கேட்டேன். "போலாம்" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றதற்கும் "போலாம்." வலிக்கிறதா என்றதற்கும் "போலாம்." டாக்டர் பெண் இளவயசுக்காரி, பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே இருக்கிறதாம், நாம் பேசுவதும் பெரும்பாலும் புரிகிறதாம். வெளியே வரும்போது எல்லாம் அந்த ஒரே வார்த்தையாக வருகிறதாம். நாள்பட நாள்படச் சரியாகலாம் என்றாள். 'லாம்' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

பேச்சு வந்துவிட்டது. அதுதானே முக்கியம்.

தினகர் செய்தி அனுப்பியிருக்கிறான். குழு ஜோர்டானுக்குக் கிளம்பிவிட்டது. ஆக, நாங்களும் இப்போது ஜோர்டானில் இருக்கிறோம்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று பெட்ரா.

வினோதினி தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்துகொண்டு கேட்கிறாளாம். நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு இது ஒன்றுதான் ஆறுதல் என்றாள். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

ரெண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, நடுவில் சந்து மாதிரி ஒரு வழி என்று தொடங்கினேன். நடக்க நடக்க வானம் ஒரு நாடா அகலத்துக்குச் சுருங்கிவிடும். சந்து முடிகிற இடத்தில் திடீரென்று எதிரே மலையையே செதுக்கின முகப்பு. ரோஜா நிறம். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். ஆனால் பார்க்க வேண்டியது சந்தின் ஓரத்துப் பாறையில் இடுப்புயரத்துக்கு வெட்டியிருக்கிற வாய்க்கால். பாலைவனத்தில் எப்போதோ பெய்கிற மழையை ஒரு சொட்டு விடாமல் ஊருக்குள் கொண்டுபோன வாய்க்கால். அது இல்லாவிட்டால் அந்த முகப்பும் இல்லை, ஊரும் இல்லை.

"அப்பா அதையேதான் பாத்துக்கிட்டு நின்னிருப்பாரு" என்றாள்.

"அங்கேயேதான் நின்னாரு. நகர மாட்டேன்னுட்டாரு."

இதை இவர் எப்போது சொன்னார் என்றுகூட ஞாபகம் வந்துவிட்டது. வினோதினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம், மின்சாரம் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதற்கு இவ்வளவு சத்தம், பக்கத்து வீட்டில் தூங்குகிறார்கள் என்றுகூடச் சொன்னேன்.

மாலையில் உள்ளே போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயோரம் துடைத்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். உம் ஹானியின் கணவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். நான் வார்டுக்குப் போகிறேன் என்றதும் அந்த அம்மாள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நல்லதுக்குத்தான் போகிறாய் என்பதுபோல முதுகைத் தட்டினார். ஆனால் அப்புறம் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. தேநீர் வேளைக்கு இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இன்று வினோதினி விடவில்லை. எப்போது கேட்டாலும் அப்பா இல்லை, அப்பா இல்லை என்கிறாய், ஒரு வார்த்தை பேசாமல் வைக்க மாட்டேன் என்றாள். குரலில் ஏதோ ஏறியது. அழுத்தம் என்று எனக்கு உடனே பயம்.

போனை அவர் இடது காதில் வைத்தேன். "வினோ பேசறாளுங்க" என்றேன். முகம் மலர்ந்தது. அவள் என்னவோ கேட்டாள்.

"போலாம்" என்றார்.

அவள் மறுபடி ஏதோ சொன்னாள். "போலாம், போலாம்" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. நான் போனை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பஸ் நிக்குதா? போலாம் போலாம்னு பறக்கறாரு. புள்ள எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு. அப்பா மாறவே மாட்டாரு."

ஆமாம், பஸ் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

கிரேக்கம். பார்த்தினன் கோவில் என்று இவர் எந்நேரமும் சொல்வாரே, அது.

அதில் நேர்கோடு என்பதே கிடையாது என்று சொன்னேன். தூண்கள் எல்லாம் நேராக நிற்பதுபோலத் தெரியும். ஆனால் எல்லாம் ஒரு சிறிதளவு உள்பக்கம் சாய்ந்தவை. நடுவில் கொஞ்சம் பருத்தவை. தரையும் சமம் இல்லை, நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு, நம் ஊர் தார் ரோடு மாதிரி. கண் ஏமாற்றும் என்று தெரிந்து, கண் ஏமாறுகிற அளவுக்கு முன்கூட்டியே கல்லை வளைத்துவிட்டார்கள். அதனால்தான் நேராகத் தெரிகிறது.

இதை இவர் சொன்ன இடம் க. பரமத்தி ரோடு. புதிதாகத் தார் போட்ட ரோட்டைக் காட்ட என்னை மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணமாகி முதல் வருஷம். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவர் ரோட்டின் நடுவில் என்னைக் குந்தவைத்து, ஓரம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது பார் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

வினோதினி கேட்டாள், "உனக்கு எப்பம்மா இதெல்லாம் இவ்ளோ தெரிஞ்சுது?"

வழிகாட்டி சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

தேநீர் வேளைக்கு இறங்கினேன். நடைபாதையில் கூட்டமாக ஆட்கள், அழுகைச் சத்தம். உம் ஹானியின் கணவர் போய்விட்டார். மகன் ஹானி அந்த அம்மாளைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தான். அவர் என்னைப் பார்த்தார். கை நீட்டினார். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் என்ன சொல்வோமோ அதைத் தமிழிலேயே சொன்னேன். புரிந்த மாதிரி தலையாட்டினார். பிறகு எல்லோருமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்களாம். நர்ஸ் சொன்னாள்.

அந்த நாற்காலிகளைத் துடைத்துச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள்.

நவம்பர் 20, புதன்

யாரிடமும் பேசவில்லை.

நவம்பர் 21, வியாழன்

குழு இன்று சென்னையில் இறங்கிவிட்டது. நாங்களும் இறங்கியிருக்க வேண்டும். நான் முதலிலேயே மாப்பிள்ளையோடு பேசி வைத்துக்கொண்டேன். துருக்கியும் பார்த்துவிட்டு வருகிறோம், அங்கே ஒரு வாரம் கூடுதல், அப்பா ஆசைப்பட்டார் என்று வினோதினியிடம் சொன்னேன்.

"நீ சரின்னுட்டியா?" என்றாள்.

சரி என்றுவிட்டேன் என்றேன்.

அவளுக்கு அடுத்த வாரம் ஸ்கேன். நான் பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்திருந்தாள் போல. சொல்லவில்லை. ஜாலியாக இருந்துவிட்டு வாங்க என்றாள். அந்த 'ஜாலி'யைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். எத்தனையோ பேர் குரலைக் கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

பயிற்சி கொடுக்க வந்தவர் இவரைப் பிடித்துக் கட்டில் ஓரம் உட்காரவைத்தார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். ஆனாலும் உட்கார்ந்தார்.

நவம்பர் 23, சனி

துருக்கியில் ஆர்ட்டெமிஸ் கோவில். பழைய ஏழு அதிசயங்களில் ஒன்று. இதைப் பற்றி மட்டும் இவர் அதிகம் பேசியதில்லை. "ஒரே ஒரு தூண்தான் மிச்சம், அதப் பாக்க அவ்வளவு தூரம் யாரு போவா" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அந்தத் தூண் உச்சியில் நாரை கூடு கட்டியிருக்கும் என்றார். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

வினோதினி, சொல்லும்மா என்றாள். சொல்லத் தொடங்கினேன்.

பள்ளமான ஒரு நிலம், தண்ணீர் தேங்கிக் கிடக்கும், கோரை முளைத்திருக்கும் என்றேன். ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேலே தூண்கள் நின்ற இடம். கூட நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டது. அது மட்டும் நிற்கிறது. தாங்குவதற்கு மேலே கூரை கிடையாது. இனி அது நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நிற்கிறது. மேலே அந்த நாரை. இறங்கினால் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கீழே வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே...

"அம்மா, அழறியா?"

"காத்து. இங்க காத்து அதிகம்."

"நீ இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லம்மா" என்றாள்.

நானும்தான்.

நவம்பர் 25, திங்கள்

விடியற்காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். இரவு அழுத்தம் திடீரென்று ஏறிவிட்டது, அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் தானாக மூச்சுவிடுகிறது. வினோதினி நன்றாக இருக்கிறாள்.

கட்டிலருகே உட்கார்ந்து இவரிடம் சொன்னேன். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. விடவே இல்லை. நர்ஸ் ஊசி போட வந்தபோதுதான் விட்டார்.

நவம்பர் 26, செவ்வாய்

வினோதினியிடம் சொல்ல இன்னும் நாலு நாள் போகட்டும் என்றார் மாப்பிள்ளை. அழுத்தம் இறங்கிவிட்டதா என்று கேட்டேன், இறங்கிவிட்டது என்றார். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பக்குவமாகச் சொல்லலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் நானே சொல்கிறேன் தம்பி, அது உங்கள் வேலை இல்லை என்றேன்.

முதல்முறையாக வீடியோவில் கூப்பிட்டேன். அவள் முகம் வீங்கியிருந்தது. சிரித்தாள். குழந்தை அப்பா ஜாடை என்றாள். நான் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. இரண்டாம் நாள் காலையே அப்பா விழுந்துவிட்டார், நாங்கள் எங்கேயும் போகவில்லை, இத்தனை நாளும் இந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம் என்றேன். போனைத் திருப்பி அவரைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்து, "போலாம்" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குச் சிரித்தது ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு கேட்டாள். "அந்தப் பெட்ரா?"

"அப்பா சொன்னது."

"பார்த்தினன்?"

"அதுவும் அவரு சொன்னது."

"அந்தத் தூணு?"

"அது நான் சொன்னது."

"அவரு அங்க அப்படிக் கெடக்கறாரு. நான் இங்க கத கேட்டுச் சிரிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். என்னய அப்படிச் செய்ய வெச்சுட்ட, இல்ல?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நவம்பர் 27, புதன்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. துணி துவைத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

எடுக்கவில்லை. குழந்தை பால் குடிக்கிறது, வினோ அதிகம் பேசுவதில்லை, கொஞ்சம் விட்டுப் பிடிப்போம் அத்தை என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பினார்.

அடுத்த வாரம் இவர் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். கூட ஒரு நர்ஸ் வருவாள். படுத்தபடிதான் கொண்டுபோக வேண்டும். எனக்கு ஓர் ஆறுதலும் வரவில்லை. அங்கே போய் யார் முகத்தில் விழிப்பது?

நவம்பர் 29, வெள்ளி

உம் ஹானி வந்தார். கணவரின் சான்றிதழ் ஏதோ வாங்க மகனோடு வந்தவர், வார்டைத் தேடி மேலே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும் என்று கீழே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இளைத்திருந்தார். துணியில் முடிந்த ரொட்டி. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கையை ஆட்டினார். நான் போனைக் காட்டி, மகள் எடுக்கவில்லை என்று காட்டினேன். புரிந்துகொண்டார்.

ஹானிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். சின்ன வேன் ஓட்டுகிறான். அம்மா உங்களை வெளியே கூட்டிப்போகச் சொல்கிறார் என்றான். எங்கே என்றேன். வெளியூர்க்காரர்கள் எங்கே போவார்கள், பிரமிடுக்குத்தான் என்றான். அவன் அம்மாவும் பார்த்ததில்லையாம். வயல், வீடு, ஆஸ்பத்திரி தவிர ஒன்றும் தெரியாது என்றான்.

வேண்டாம் என்றேன். இவரை விட்டுவிட்டுப் போய் நான் மட்டும் அதைப் பார்ப்பதா? உம் ஹானி காதில் வாங்கவில்லை. என் செருப்பை எடுத்து என் கால் முன்னால் போட்டார்.

போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வளவு தூரம்கூட இல்லை. நுழைந்ததும் குதிரைச் சாணி வாசனை, ஒட்டகக்காரர்கள் சத்தம், தொப்பி விற்கிறவர்கள். நாங்கள் ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். கிட்டே போகப் போக அது முக்கோணமாக இல்லை. வெறும் சுவராகிவிட்டது. அண்ணாந்தால் முடியவே இல்லை. அடிவரிசைக் கல்லில் ஒன்றிரண்டு என் தோளுக்கு வந்தன. முன்னால் ஏதோ பலகை வைத்திருந்தார்கள்; நான் படிக்கவில்லை. கல்லில் கையை வைத்தேன். சுடச்சுட இருந்தது. உம் ஹானி தன் கையையும் பக்கத்தில் வைத்தார். ரெண்டு பேரும் அப்படியே நின்றோம். அவர் என்ன நினைத்து அழுதாரோ, நான் என்ன நினைத்து அழுதேனோ.

கல்மேல் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. வினோதினி.

"எங்க இருக்க?" என்றாள்.

"பிரமிடுகிட்ட."

இதுவும் கதை என்று நினைத்திருப்பாள்.

"நெசமாத்தான் சாமி. இங்கதான் உக்காந்திருக்கேன்."

குரல் இறங்கிக் கேட்டாள், "எப்படி இருக்கு?"

நான் சொல்லப் பார்த்தேன். வார்த்தை ஒன்றும் வரவில்லை. சொன்னதெல்லாம் அவருடையது, இது எதிரே நிற்கிறது.

"பெருசா இருக்கு" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "இத்தன நாளும் நீ ஒண்டியா எப்படிம்மா இருந்த?" என்றாள்.

இருந்தேன் என்றேன். குழந்தைக்கு என்ன பெயர் யோசித்திருக்கிறாய் என்று கேட்டேன். அப்பா வரட்டும் என்றாள்.

நவம்பர் 30, சனி

காலையில் முகம் கழுவிவிட்டு, தலையணையைச் சரிசெய்து, கஞ்சி கொடுத்தேன். சிந்தாமல் விழுங்கினார். ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"நேத்து நான் போய்ப் பாத்துட்டு வந்தேனுங்க" என்றேன்.

தலை மெல்லத் திரும்பியது. கண் என் முகத்தில் வந்து நின்றது. எதை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன்னை விட்டுவிட்டுப் போனாளே என்று நினைப்பாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அப்படி ஒன்றும் முகத்தில் இல்லை. காத்திருந்தார்.

நான் சொன்னேன். குதிரைச் சாணி, ஒட்டகம், வெயில், சூடான கல் எல்லாம் சொன்னேன். இவ்வளவையும் இமைக்காமல் கேட்டார்.

"ஆனா ஒண்ணுங்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கத்தி முனைகூட நுழையாதும்பீங்களே. அப்படியெல்லாம் இல்ல. என் கையே உள்ள போச்சு."

புருவம் நெரிந்தது. "போலாம்" என்றார்.

போகலாம் என்கிற போலாம் இல்லை இது. கொத்தனார் மட்டம் பார்க்காமல் வேலை செய்தால் வருகிற குரல். எனக்கு அது தெரியும். அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதும் தெரியும். வெளியே வழவழவென்று வெள்ளைக் கல் போர்த்தியிருந்தது, கத்தி நுழையாது என்பது அதைத்தான், அதையெல்லாம் எந்தக் காலத்திலோ பெயர்த்துக்கொண்டுபோய்க் கெய்ரோவில் கட்டடம் கட்டிவிட்டார்கள், இப்போது நிற்பது உள்ளே இருந்த முரட்டுக் கல். அவர் பலமுறை சொன்னதுதான்.

"என்னவோங்க. நான் என் கண்ணால பாத்ததச் சொல்றேன். எனக்கென்னமோ வேல அவ்வளவு சுத்தமாத் தெரியல."

இடது கையைத் தூக்கி மெத்தையில் அடித்தார். "போலாம், போலாம், போலாம்" என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்தது. முகம் சிவந்துவிட்டது. விரலை நீட்டி மேலே காட்டினார், பக்கவாட்டில் காட்டினார், உள்ளங்கையைக் காற்றில் தடவி வழவழப்பைக் காட்டினார். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். வலிக்கிறதா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றாள்.

ஒன்றுமில்லை, எனக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அவள் போன பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றேன்.